‘போலி ஒப்பந்தம்’ வேண்டாம், ‘மீளளிப்புக் கடப்பாடு’ எனலாமா?

அன்பின் சட்டக் கலைச்சொல் குழுமத்தாருக்கு,

ஒப்பந்தம் இல்லாமலே, ஒருவர் பெற்ற பலனுக்கு ஈடு கொடுக்கும்படி சட்டம் வைக்கும் கடமையை ஆங்கிலத்தில் குவாசி கொன்ட்ராக்ட் (quasi-contract) என்பார்கள். அதற்குத் தமிழில் வந்த ‘போலி ஒப்பந்தம்’ என்ற முன்மொழிவு எனக்கு உடன்பாடில்லை. போலிக் காணி உறுதி, போலிக் கையொப்பம் என்று கேட்டுப் பழகிய காதில் அது மோசடியாகத்தான் விழும். ‘ஒப்பந்தம் போன்றது’ என்றாலும் சரிவராது. ஒப்பந்தத்துக்கு இருவரின் இணக்கம் வேண்டும். இங்கே இணக்கமே கிடையாது, கடமையைச் சட்டமே சுமத்துகிறது. உள்ளூர ஒரு வாக்குறுதி இருந்ததாகக் கொள்வோம் என்று ஆங்கிலேய நீதிமன்றங்கள் நெடுங்காலம் சமாளித்தன. 1996இல், அப்போது அங்கே இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையே அந்தக் கற்பனையைக் கைவிட்டுவிட்டது. நாம் அதைப் புதிதாக ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் ஏற்றி வைப்பானேன்?

நம்ம பக்கத்தில் நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை செய்கிறார். ஆனிக் காற்றில் கூரைத் தகரம் பறந்துவிட்டது, மழை உள்ளே இறங்குகிறது, ஆளைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் தன் காசில் தகரமும் ஆணியும் வாங்கி, கூரையை அடித்துவிடுகிறார். இருவருக்கும் இடையில் ஒரு பேச்சும் இல்லை. ஆனாலும் இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன்-டச்சுச் சட்டப்படி அந்த நியாயமான செலவை வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும். அதே மனிதர் கூரையோடு நிற்காமல் சுவருக்குப் பெயின்ட் அடித்து, தரைக்கு டைல்ஸும் பதித்திருந்தால், கேட்காத அலங்காரத்துக்குக் காசு கேட்க முடியாது. உதவியாகவே செய்தேன் என்று செய்திருந்தால் கூரைக்கும் கேட்க முடியாது. இந்தக் கடமைக்குக் ‘கைம்மாறு’ என்பது அழகான சொல்தான், ஆனால் அது நன்றியைச் சொல்லுமே தவிர கடனைச் சொல்லாது. என் முன்மொழிவு ‘மீளளிப்புக் கடப்பாடு’.

அப்புறம், அன்ஜஸ்ட் என்ரிச்மன்ட் (unjust enrichment), அதாவது உரிய காரணமில்லாமல் பிறர் செலவில் ஒருவர் பெறும் ஆதாயம், என்பதற்கான ‘அநியாயச் செல்வச் சேர்க்கை’. எனக்குக் கவலை இதில்தான் அதிகம். ஒருவரின் சம்பளம் தவறுதலாக இன்னொருவரின் வங்கிக் கணக்கில் விழுந்தால், பெற்றவர் எந்த அநியாயமும் செய்யவில்லை. அந்தப் பணம் அவரிடம் இருக்க ஒரு காரணமும் இல்லை, அவ்வளவுதான். உரோமச் சட்டத்தார் ‘சினே கௌசா’, அதாவது காரணமின்றி, என்றுதான் சொன்னார்கள். அதனால் ‘காரணமில் ஆதாயம்’ பொருந்தும். ‘காரணமில்’ என்பதற்குப் பதிலாக ‘அடிப்படையற்ற’ என்றால் குற்றச்சாட்டு நினைவுக்கு வருகிறது. ‘செல்வம்’ என்றால் மிச்சப்பட்ட செலவு அதில் அடங்காது. ‘ஆதாயம்’ என்றால் அதுவும் அடங்கும். தவறு தெரியாமல், நல்லெண்ணத்தில் செலவழித்துவிட்டவரிடம் இன்னும் என்ன மிஞ்சியிருக்கிறது என்றே சட்டம் பார்க்கும். மிஞ்சாததை ஆதாயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், சொந்தக் காசில் குசினியை இழுத்துக் கட்டியவர்களின் நிலையையும் ஒருவர் கேட்டிருந்தார். தன்னுடையது என்று நம்பி ஒரு இடத்தை வைத்திருந்தவருக்கு, அவசியமான, பயன்தரும் திருத்தங்களுக்கு ஈடும், அது கிடைக்கும்வரை இடத்தை விடாதிருக்கும் உரிமையும் உரோமன்-டச்சுச் சட்டத்தில் உண்டு. ஆனால் லயம் தன்னுடையதல்ல என்று குடியிருப்பவருக்குத் தெரியும். பெரும்பாலான தோட்டங்களில் காணி அரசினது, நிர்வாகம் 1992இலிருந்து கம்பனிகளிடம். இடையில் வேலை உடன்படிக்கை வேறு இருக்கிறது. உடன்படிக்கை பேசுகிற இடத்தில் மீளளிப்புக் கடப்பாடு வாய் திறக்காது. ஆகவே அவருக்கு வழக்கு லேசாக இருக்காது. தலைமுறையாக இருந்தவர்கள் போட்ட கல்லுக்கும் சீமெந்துக்கும் கணக்கு இல்லாமல் போவது எனக்கு மனம் ஒவ்வாத விஷயம். அது காணியுரிமையில் தீர வேண்டியது. கலைச்சொல்லில் ‘அநியாயம்’ என்று எழுதி, சட்டம் தராததைத் தருவதுபோல நம் மக்களுக்குக் காட்டக்கூடாது.

இன்னொன்று பாக்கி. கூரை அடித்தவர் செய்ததற்கு உரோமச் சட்டத்தில் ‘நெகோடியோரம் கெஸ்டியோ’, அதாவது கேட்காமலே பிறர் காரியத்தைப் பார்ப்பது, என்று தனிப் பெயர் உண்டு. அதற்கு ‘கேளாப் பணி’ என்று வைத்திருக்கிறேன். ஹட்டன், நுவரெலியா நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவர்கள் சாட்சிக்கு இதை எப்படி விளக்குகிறீர்கள் என்று எழுதினால், நீங்கள் பயன்படுத்தும் சொல்லை முதலில் பரிசீலிக்கலாம்.