டாட் ஸ்டோர் டொமைனைப் புதுப்பிப்பதா, விட்டுவிடுவதா?

வணக்கம். அம்மாவின் ஊறுகாய் விற்பனைக்காகப் போன வருடம் 99 ரூபாய்க்கு டாட் ஸ்டோர் (.store) என்று முடியும் ஒரு டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்கினேன். இப்போது புதுப்பிக்க 4,000 ரூபாய்க்கு மேல் கேட்டு மெயில் வந்திருக்கிறது! சலுகை முதல் வருடத்துக்கு மட்டுமாம். பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், நான்தான் கவனிக்கவில்லை. டாட் காமின் மொத்த விற்பனை விலைக்கு, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் (ICANN) அமைப்பின் ஒப்பந்தத்தில் உச்சவரம்பு உண்டு, டாட் ஸ்டோர் போன்ற புதிய முடிவுகளுக்குக் கிடையாது என்பதே இப்போதுதான் தெரிகிறது.

600 பாட்டில் லேபிளில் இந்த இணைய முகவரி அச்சாகிவிட்டது, அதனால் சட்டென்று விடவும் முடியவில்லை. வேறு ரிஜிஸ்ட்ராருக்கு (டொமைன் பதிவு செய்து தரும் நிறுவனம்) மாற்றினால் கட்டணம் குறையும், ஒரு வருடமும் கூடும் என்கிறார்கள். யாராவது மாற்றியிருக்கிறீர்களா? எவ்வளவு ஆனது? இல்லை, பேசாமல் ஒரு டாட் இன் வாங்கி, லேபிள் தீரும்வரை இதை அங்கே திருப்பிவிடட்டுமா? கெடு 18ஆம் தேதி.