பச்சை ரசாயனம் வந்தால் சுரங்கம் சுத்தமாகிவிடுமா?

மாலதி_ஈசூன்
நம்ம நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2020ல் ஒரு ஆய்வு வந்தது. உலர்த்திப் பொடியாக்கிய ஆரஞ்சுத் தோலும் சிட்ரிக் அமிலமும் வைத்தே பழைய லித்தியம் பேட்டரியிலிருந்து கோபால்ட், நிக்கல் எல்லாம் பிரித்தார்கள். கடுமையான அமிலம் தேவைப்படவில்லை. அப்புறம் ஏன் தாதுவைப் பிரிக்க இன்னும் சாந்தேட், சயனைடு, டைகுரோமேட் என்று விஷத்தையே கலக்குகிறார்கள்? மாவுச்சத்து இருக்கிறது, கொத்தவரை விதைப் பிசின் இருக்கிறது. முதலாளிகளுக்கு மனசுதான் இல்லை.

சிங்கப்பூரில் சுரங்கமே இல்லையே, உனக்கென்ன என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். எம்ஆர்டி ரயிலில் ஓடுகிற செம்புக் கம்பி சாங்கியில் விளைந்ததில்லை.

கதிர்_உலோகம்
அக்கா, பேட்டரியை அரைத்த பொடியில் கோபால்ட் கொட்டிக் கிடக்கிறது. செம்புச் சுரங்கத்தில் ஒரு டன் பாறையில் 6 கிலோ செம்பு இருந்தாலே வேலை தொடங்கிவிடுவார்கள். மீதி 994 கிலோவும் கழிவு. அந்த 6 கிலோவை எடுக்கத்தான் நுரைமிதப்பு. பாறையை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலந்து கீழிருந்து காற்றை விடுவார்கள். சாந்தேட் செம்புத் துகளின் மேல் ஒட்டி, தண்ணீர் ஒட்டாதபடி செய்யும். துகள் குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே வரும், நுரையோடு வழித்து எடுத்துவிடலாம்.

டன்னுக்குச் சில பத்து கிராம் சாந்தேட் போதும். அந்த வேலையை அதே அளவில் செய்யும் இயற்கைப் பொருளைக் காட்டுங்கள், பேசலாம்.

இன்னொன்று. நுரைக்கு ஆரம்பத்தில் போட்டதே செடி எண்ணெய்தான். ஆஸ்திரேலியாவின் ஈயச் சுரங்க ஊரான புரோக்கன் ஹில்லில் நூறு வருஷத்துக்கு முன் யூகலிப்டஸ் தைலம் ஊற்றினார்கள். பிறகு பைன் எண்ணெய். அதனால் அந்த ஊர் ஈயத்தூசு இல்லாத ஊராகிவிட்டதா?

மாலதி_ஈசூன்
"சில பத்து கிராம்" என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. தினம் 1 லட்சம் டன் அரைக்கிற ஆலையில் டன்னுக்கு 30 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 3 டன். ஒரு வருஷத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அது அப்படியே இருந்தாலும் பரவாயில்லை, சிதையும்போது கார்பன் டைசல்பைடு வருகிறது. நரம்பைக் கெடுக்கும் ஆவி. அதை ஏன் நீங்கள் சொல்லவில்லை? ஈயத்தை மிதக்கவிடாமல் அழுத்தி வைக்கப் போடும் டைகுரோமேட்டில் இருப்பது புற்றுநோய் தரும் குரோமியம். அதே வேலையை மாவுச்சத்தை வைத்துச் செய்ய முடியும்.

துவாஸ்_கிடங்கு
நான் படிச்சவன் இல்லை, ஆனா டிரம்மைப் பார்த்திருக்கேன். சாந்தேட் இங்க ஏத்துமதி இறக்குமதி வழியா போகும். ஐநா எண் 3342, வகுப்பு 4.2, அதாவது தானாவே தீப்பிடிக்கக்கூடிய சரக்கு. ஈரம் பட்டா சூடாகும். நம்ம ஊர்ல ஈரம் இல்லாத நாள் ஏது லா? மூடி சரியா இல்லாத டிரம் ஒண்ணு இருந்தா போதும், அழுகின முட்டைக்கோஸ் நாத்தம். சுரங்கக்காரன் பேசுற கிராம் கணக்கு அவன் தொட்டிக்கு. எங்களுக்கு வர்றது டன் கணக்கு. கதிர் சார் இதையும் சேர்த்து யோசிக்கணும்.

கதிர்_உலோகம்
துவாஸ் அண்ணே, அது நியாயமான கவலை. ஆனால் அது சேமிப்புக் கிடங்குப் பிரச்சினை. உலர்ந்த இடம், நல்ல காற்றோட்டம், இறுக்கமான மூடி. அதற்காகத் தொட்டிக்குள் போடுவதை மாற்றுவதென்றால் கணக்கு வேறு.

அந்தக் கணக்கைப் பாருங்கள். 1000 டன் பாறையில் 6 டன் செம்பு. 90 சதவீதம் கிடைத்தால் 5.4 டன். "பச்சை" பொருளைப் போட்டு 88க்கு இறங்கினால் 5.28 டன். குறைந்ததை ஈடுகட்ட இன்னும் 23 டன் பாறையை வெட்டி அரைக்க வேண்டும். சுரங்கத்தில் மின்சாரத்தை அதிகம் விழுங்குவது அரைப்புதான். அத்தனையும் கழிவுச் சேறாக அணைக்குள் போகும்.

அணை என்றதும் சொல்கிறேன். 2015 நவம்பரில் பிரேசிலின் மரியானாவில் உடைந்து 19 பேரைக் கொன்ற கழிவு அணை, இரும்புத் தாது ஆலையுடையது. அங்கே இரும்பை அழுத்தி வைக்கப் போட்டது என்ன தெரியுமா? உங்கள் மாவுச்சத்துதான், காஸ்டிக் சோடாவில் காய்ச்சிய சோளமாவு. மாவு அணையைத் தாங்கிப் பிடிக்கவில்லை.

தங்கவயல்_பேரன்
எங்கள் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை செய்தவர். 2001ல் மூடிவிட்டார்கள். ஊரைச் சுற்றி நிற்கும் கழிவு மேடுகளை இன்றும் சயனைடு மலை என்றுதான் கூப்பிடுகிறோம். வெயிலிலும் காற்றிலும் சயனைடு சிதைந்துபோகும். இருந்தும் அந்த மண் காற்றடித்தால் வீட்டுக்குள் வருகிறது, அதில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது. கதிர் சொல்வது எனக்குப் புரிகிறது. மாலதி அக்கா சொல்வதும்தான். ஆனால் அங்கே இருப்பவர்களுக்கு எது கேடு என்று யாராவது முதலில் அளந்து சொல்லியிருக்கலாம்.

மாலதி_ஈசூன்
கழிவு மேடு ஆபத்து, அதனால் ரசாயனம் பரவாயில்லை என்பது என்ன தர்க்கம்? 2000 ஜனவரியில் ருமேனியாவின் பாயா மாரேயில் அணை உடைந்து 1 லட்சம் கனமீட்டர் சயனைடுத் தண்ணீர் ஆற்றில் இறங்கியது. திஸ்ஸா ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. அந்த அணைக்குள் சோளமாவு இருந்திருந்தால் செய்தியே வேறு. அணை எப்போதாவது உடையும் என்றுதானே சொல்கிறீர்கள்? அப்போ உள்ளே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம்தான்.

மாற்று முடியாது என்பதும் பொய். அமெரிக்காவில் நெவாடாவின் கோல்ட்ஸ்டிரைக் சுரங்கத்தில் 2014லேயே சயனைடுக்குப் பதில் தயோசல்பேட் என்ற உப்பை வைத்துத் தங்கம் எடுத்தார்கள்.

கதிர்_உலோகம்
கோல்ட்ஸ்டிரைக் உதாரணம் அருமை, ஆனால் உங்களுக்கு உதவாது. அங்கே தாதுவில் இயற்கையான கார்பன் கலந்திருக்கிறது. சயனைடு கரைத்த தங்கத்தை அந்தக் கார்பன் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். தங்கம் கையைவிட்டுப் போகிறது என்பதால்தான் தயோசல்பேட்டுக்குப் போனார்கள், மீன்மேல் இரக்கப்பட்டு இல்லை. சாதாரணத் தாதுவுக்கு அதையே போட்டால் பல மடங்கு அதிகம் கொட்ட வேண்டும்.

மாலதி_ஈசூன்
எதற்காகப் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. போக முடிந்தது என்றுதான் சொன்னேன். லாபம் தேவைப்பட்டபோது வழி கிடைத்தது. அதே அக்கறையைச் சாந்தேட் விஷயத்தில் காட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கதிர்_உலோகம்
காட்டட்டும். மாதிரி ஆலையில் ஓட்டிப் பார்த்து, எவ்வளவு உலோகம் கிடைத்தது, மறுசுழற்சித் தண்ணீர் என்ன ஆனது என்ற இரண்டு எண்ணையும் வெளியிடட்டும். மாவுச்சத்து தண்ணீரில் அழுகினால் பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுவிடும், அதற்கும் மீன் சாகும். "மக்கும்" என்று லேபிளில் போட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

துவாஸ்_கிடங்கு
கையெழுத்து நீங்க போடுங்க, போடாம இருங்க. அடுத்த வாரம் வர்ற சரக்கு மாவு மூட்டையா, 3342 டிரம்மா? அதை மட்டும் யாராவது முன்கூட்டியே சொன்னா நைட் ஷிப்ட்டுக்கு ஆள் போட வசதியா இருக்கும்.