சென்சஸில் ‘அயர்லாந்து’ என்று மட்டும் இருக்கிறது. ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

தேன்மொழி கேட்டது:

என் மருமகனுடைய முன்னோர் கிளாஸ்கோவில் இருந்தவர்கள். குடும்பப் பெயர் கேலகர். 1881 ஸ்காட்லாந்து சென்சஸில் கணவருக்கு 43 வயது, மனைவிக்கு 40. மூத்த மகனுக்கு 17. இந்த மூன்று பேருக்கும் பிறந்த இடம் ‘அயர்லாந்து’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அடுத்த நான்கு பிள்ளைகளும் கிளாஸ்கோவில் பிறந்தவர்கள், பெரியவளுக்கு 14. கணவரின் 1896 மரணப் பதிவும் கையில் இருக்கிறது. அதில் அவருடைய பெற்றோர் இருவர் பெயரும் உண்டு, ஊர் இல்லை. அயர்லாந்தின் வடமேற்கிலுள்ள டொனகல் மாவட்டத்துப் பக்கம் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்களாம். அயர்லாந்துப் பதிவுகள் 1922இல் எரிந்துவிட்டன என்று படித்தேன். மேற்கொண்டு தேடுவதில் பயன் இருக்கிறதா? கப்பல் பயணிகள் பட்டியல் ஏதாவது கிடைக்குமா?

பழையஏடு:

பயன் இருக்கிறது. கப்பல் பட்டியலை மறந்துவிடுங்கள். அன்று அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே ஆட்சிக்குள் இருந்தன. அயர்லாந்தின் வடக்கிலுள்ள டெர்ரி துறைமுகத்திலிருந்து கிளாஸ்கோவுக்கு நீராவிக் கப்பலில் வந்தவர்களை யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை.

நீங்கள் தேட வேண்டியது கிளாஸ்கோவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவு. ஸ்காட்லாந்துப் பிறப்புப் பதிவில் பெற்றோருக்குத் திருமணம் நடந்த தேதியும் இடமும் இருக்கும். 1855இல் அரசுப் பதிவு தொடங்கியபோது இந்த விவரம் இருந்தது. 1856 முதல் 1860 வரை எடுத்துவிட்டார்கள், 1861இல் மறுபடி சேர்த்தார்கள். உங்கள் பிள்ளைகள் 1866க்குப் பிறகு பிறந்தவர்கள், ஆகவே நான்கு பதிவிலும் அது இருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்து அரசுப் பதிவுகளுக்கான ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் கணக்குத் திறந்து தேடுவது இலவசம். படத்தைத் திறக்கத்தான் 6 கிரெடிட் (காசு கொடுத்து வாங்கும் அலகு) போகும். அந்தக் காலப் பிறப்புப் பட்டியலில் தாயின் பெயர் வராது. கிளாஸ்கோவில் ஜான் கேலகரும் மேரி கேலகரும் ஏராளம், கண்டதைத் திறந்தால் காசு கரைந்துவிடும். நான்கு பிள்ளைகளில் யாருக்கு அதிகம் புழங்காத பெயரோ அவரிடமிருந்து தொடங்குங்கள். 1871 சென்சஸ் முகவரியைப் பார்த்து, அது எந்தப் பதிவு மாவட்டம் என்று தெரிந்துகொண்டு அந்த மாவட்டத்துக்குள் மட்டும் தேடுங்கள்.

நான்கையும் வாங்குங்கள், ஒன்றோடு நிறுத்தாதீர்கள். பதிவாளர் காதில் விழுந்ததை எழுதினார். தந்தை கையெழுத்துக்குப் பதில் குறி போட்டிருந்தால், எழுதியது சரியா என்று அவரால் பார்த்திருக்க முடியாது. உதாரணத்துக்கு, ஒரு பிள்ளையின் பதிவில் திருமண இடம் ‘டொனகல்’ என்று மட்டும் இருக்கும், அடுத்ததில் ‘டங்லோ’, இன்னொன்றில் ‘டெம்பிள்குரோன்’ என்று இருக்கும். டங்லோ ஊர் டெம்பிள்குரோன் என்ற சிவில் பாரிஷுக்குள்தான் (பல ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு) இருக்கிறது, அதனால் அது முரண்பாடு அல்ல. இப்படி ஒன்றை ஒன்று உறுதிப்படுத்தும்போதுதான் நம்பலாம்.

1896 மரணப் பதிவில், தகவல் தந்தவர் யார் என்ற பகுதியைப் பாருங்கள். பேரப்பிள்ளையோ பக்கத்து வீட்டுக்காரரோ தந்திருந்தால், இறந்தவருடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயர் தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். அவருடைய தம்பி தங்கை யாராவது கிளாஸ்கோவில் திருமணம் செய்திருந்தால் அந்தப் பதிவோடு ஒப்பிடுங்கள். அதில் பெற்றோர் பெயரை மணமக்களே சொல்லியிருப்பார்கள்.

மேகலை ரா:

1922 பற்றி. அந்த ஜூன் 30ஆம் தேதி டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்தது உண்மை, ஈடுசெய்ய முடியாத இழப்பு. 1821 முதல் 1851 வரையிலான சென்சஸில் பெரும்பகுதி, உயில்கள், அயர்லாந்து ஆங்கிலிக்கத் திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேல் அதில் போயின. (1861 முதல் 1891 வரையிலான சென்சஸ் தீயில் போகவில்லை. அவற்றை அதற்கு முன்பே அரசே அழித்துவிட்டது.) ஆனால் கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குகளில் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) இருந்தன. பிறப்பு, இறப்புப் பதிவுகளும் அங்கே வைக்கப்படவில்லை. உங்களுக்கு வேண்டியவை பெரும்பாலும் பிழைத்தவைதான்.

மூத்த மகனை விட்டுவிட்டீர்கள். 1881 ஏப்ரலில் 17 வயது என்றால் 1863 அல்லது 1864. அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் பதிவு செய்யத் தொடங்கியது 1864 ஜனவரி 1. சென்சஸ் வயது ஓரிரண்டு ஆண்டு தவறுவது சாதாரணம், ஆகவே 1864 முதல் 1866 வரை தேடுங்கள். ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஇ என்ற அரசுத் தளத்தில் பதிவின் படமே இலவசம். பதிவில் டவுன்லேண்ட் (அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு) பெயர் இருக்கும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். தேடும்போது ஊர்ப் பெயரைப் போட்டால் வராது, பதிவு மாவட்டத்தைப் போட வேண்டும். டங்லோவுக்கு அது கிளென்டீஸ்.

கெடு தாண்டிப் பதிந்தால் அபராதம் என்பதால் பிறந்த தேதியைத் தள்ளிச் சொன்னவர்கள் உண்டு. ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதிக்கு முன்னால் இருந்தால் குழம்ப வேண்டாம், ஞானஸ்நானத் தேதியை நம்புங்கள். முதல் சில ஆண்டுகளில் பதியாமலே விட்ட பிறப்புகளும் நிறைய.

அரசுப் பதிவில் இல்லையென்றால் பங்குப் பதிவேடு. அயர்லாந்து தேசிய நூலகத் தளத்தில் ஏறக்குறைய 1880 வரையிலான படங்கள் இலவசம். பெயர் போட்டுத் தேடும் வசதி அங்கே இல்லை, மாதம் மாதமாகப் புரட்ட வேண்டும். பெயர்கள் பல இடங்களில் லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் ‘யாகோபுஸ்’ ஆவார், வில்லியம் ‘குலியெல்முஸ்’ ஆவார். ஞானப்பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் நெருங்கிய உறவினர்கள். டொனகலில் பல பங்குகளின் ஏடுகள் 1850களுக்குப் பிறகுதான் தொடங்குகின்றன. 1838 வாக்கில் பிறந்த தந்தையின் ஞானஸ்நானப் பதிவு கிடைக்காமலே போகலாம், அதற்காகத் தேடலை நிறுத்த வேண்டாம்.

பழையஏடு:

இன்னொன்று. கிளாஸ்கோவின் ஏழை நிவாரண விண்ணப்பங்கள், 1851 முதல், மிட்செல் நூலகத்தில் உள்ள நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒருவருக்கு உதவி தருவது எந்தப் பாரிஷின் பொறுப்பு என்று தீர்மானிக்க வேண்டியிருந்ததால், பிறந்த ஊர், பெற்றோர், பிள்ளைகள், முந்தைய முகவரிகள் என்று துருவி விசாரித்து எழுதியிருக்கிறார்கள். இந்தத் தம்பதி விண்ணப்பித்திருக்காவிட்டாலும், விதவையான அக்காவோ வேலை இழந்த தம்பியோ விண்ணப்பித்திருக்கலாம். அயர்லாந்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதைவிட நல்ல ஆவணம் ஸ்காட்லாந்தில் இல்லை என்பேன்.

தேன்மொழி:

இருவருக்கும் நன்றி. திருமணம் நடந்த இடம் கிடைத்தால், அது கணவருடைய ஊர் என்று எடுத்துக்கொள்ளலாமா?

மேகலை ரா:

வேண்டாம். வழக்கமாகத் திருமணம் மணமகளின் பங்கில்தான் நடக்கும். கணவர் அடுத்த பங்கைச் சேர்ந்தவராக இருக்கலாம். கிரிஃபித் மதிப்பீட்டை (வரிக்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்ட பட்டியல்) திறந்து, அந்த இடத்தைச் சுற்றியுள்ள பாரிஷ்களில் கணவருடைய தந்தையின் பெயரைத் தேடுங்கள். ஆஸ்க் அபௌட் அயர்லாந்து தளத்தில் வரைபடத்தோடு இலவசம். நாடு முழுவதற்கும் 1847 முதல் 1864 வரை வெளியானது, டொனகலுக்கு 1850களின் பிற்பகுதி. நிலத்தையோ வீட்டையோ வைத்திருந்தவர் பெயர் மட்டும்தான் அதில் வரும், மனைவி மக்கள் வரமாட்டார்கள்.

டொனகலில் கேலகர் என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும். ஒரே டவுன்லேண்டில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், அடைப்புக்குறிக்குள் தந்தை பெயரோ பட்டப்பெயரோ போட்டிருப்பார்கள், அதைக் கவனியுங்கள். கேலகரும் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரும் அடுத்தடுத்த டவுன்லேண்டுகளில் சேர்ந்து வரும் இடம் எது என்று பாருங்கள். பிறகு அதே டவுன்லேண்டுகளை 1901, 1911 சென்சஸில் திறந்து, ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பி இருக்கிறார்களா என்று தேடுங்கள். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இரண்டும் இலவசம். அந்தப் பத்து ஆண்டுகளில் சிலருக்குப் பதினைந்து வயது கூடியிருக்கும். 1909இல் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது அதற்கு ஒரு காரணம். அப்படிப்பட்ட இடத்தில் 1901 வயதையே எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் தோராயம்தான்.