நாய்க்குட்டிக்குப் பால்பல் விழாமல் நின்றால் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

பொமரேனியன் வளர்ப்பவர்:

பொமரேனியன், ஷிட்சு, சிவாவா, மால்டீஸ், டாஷண்ட் என்று சின்ன ஜாதிகளில்தான் இது அதிகம். லேப்ரடாரிலும் நம் நாட்டு நாய்களிலும் குறைவு. குட்டிக்குப் பால்பல் 28, வளர்ந்த நாய்க்கு 42. மூன்று, மூன்றரை மாதத்தில் முன்பற்கள் விழத் தொடங்கும். கோரைப்பல் மாறுவது பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது மாதத்தில். அடம்பிடித்து நிற்பதும் அநேகமாக அந்தக் கோரைப்பல்தான்.

மூன்றரை மாதம் ஆனதுமே வாரம் இரண்டு தடவை பார்க்கும் பழக்கம் வேண்டும். வாயைப் பிளக்கத் தேவையில்லை. குட்டியின் முதுகு உங்கள் வயிற்றில் படும்படி மடியில் உட்காரவைத்து, மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்குங்கள். பிறகு கீழுதட்டின் ஓரத்தைக் கீழே தள்ளுங்கள். பால் கோரைப்பல் ஊசி மாதிரி மெல்லிசாக, கூராக இருக்கும். புதுப்பல்லுக்கு அடி அகலம், கனமும் அதிகம். மேலே புதுசு பழைய பல்லுக்கு முன்னால், மூக்குப் பக்கமாக வரும். கீழே உள்பக்கம், நாக்கை ஒட்டி வரும். இது தெரிந்தால் எது பழசு, எது புதுசு என்ற குழப்பம் வராது.

பழைய பல் நன்றாக ஆடினால் ஒரு வாரம் பொறுக்கலாம். கல் மாதிரி நிற்கிறது, பக்கத்திலேயே புதுசு ஈறைக் கிழித்து வந்துவிட்டது என்றால் நாள் கடத்தாதீர்கள்.

கால்நடை மருத்துவர்:

மேலே சொன்னது சரி. ஒரே இடத்தில் ஒரே வகைப் பல் இரண்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. "ஆறு மாதத்தில் கருத்தடை செய்யும்போது சேர்த்து எடுத்துக்கொள்ளலாம், ஒரே மயக்கத்தில் முடியும்" என்று பலரும் காத்திருக்கிறார்கள். ஆபரேஷன் அடுத்த வாரம் என்றால் சரி. இரண்டு மாதம் தள்ளி என்றால் தவறு. புதுக் கோரைப்பல் வளர்கிற சில வாரங்களுக்குள் மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம் நிலைத்துவிடும்.

கீழ்க் கோரைப்பல் உள்பக்கமே நின்றுவிட்டால், வாயை மூடும் ஒவ்வொரு தடவையும் அது மேலண்ணத்தில் குத்தும். முதலில் சிவந்த குழி, கவனிக்காமல் விட்டால் மூக்கு வரை துளை. அப்புறம் தும்மலும் மூக்கொழுக்கும் விடாது. மேல் கோரைப்பல் முன்னால் தள்ளப்பட்டால், கீழ்ப்பல் வந்து உட்கார வேண்டிய இடைவெளியே அடைபட்டுவிடும். இரண்டு பல்லுக்கும் நடுவில் முடியும் சோறும் சிக்கி ஈறு அழுகுவது தனிக் கதை.

தயவுசெய்து நூல் கட்டி இழுக்காதீர்கள், குறடால் பிடுங்காதீர்கள். பால் கோரைப்பல்லின் வேர் வெளியே தெரிவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளம். மெல்லிசு, வளைவு வேறு. இழுத்தால் ஈறு மட்டத்தில் முறியும். உள்ளே நிற்கும் துண்டு சீழ் வைக்கும், புதுப்பல்லுக்கும் வழிவிடாது.

முறையாக எடுப்பது முழு மயக்கத்தில், மூச்சுக்குழாயில் டியூப் போட்டுத்தான். முதலில் பல் எக்ஸ்ரே. பிறகு எலிவேட்டர் என்ற மெல்லிய நெம்புகருவியால் வேரைப் பிடித்திருக்கும் நார்களைச் சுற்றிலும் பொறுமையாக அறுத்துத் தளர்த்த வேண்டும். புதுப்பல் இருக்கும் பக்கம் நெம்பவே கூடாது: மேலே முன்பக்கம், கீழே நாக்குப் பக்கம். அங்கே அழுத்தினால் புதுப்பல்லின் எனாமல் கெடும், பல்லே அசைந்துவிடவும் கூடும். கடைசியில் வேர் முழுசாக வந்ததா என்று இன்னொரு எக்ஸ்ரே.

நாள் குறிக்கும் முன் போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். பல் எக்ஸ்ரே இருக்கிறதா? டியூப் போடுவீர்களா? வேர் முறிந்தால் அன்றைக்கே எடுத்துவிடுவீர்களா? மூன்றாவதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கிளினிக் உதவியாளர்:

மயக்கம் கொடுக்கும் முன் பட்டினி போடும் விஷயத்தில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். பெரிய நாய்க்குச் சொல்வதைக் கேட்டுவிட்டு, முந்தின இரவிலிருந்தே குட்டிக்கும் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். 2 கிலோகூட இல்லாத குட்டிக்கு அது ஆபத்து. சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். அந்த அளவுக் குட்டிக்குப் பொதுவாக ஒன்றிரண்டு மணி நேரம் போதும். உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிய உணவு அல்லது குழைந்த சோறு கொடுங்கள். பத்து நாளைக்காவது கயிறு இழுக்கும் விளையாட்டும் கடிபொருளும் வேண்டாம். தையல் தானாகக் கரைந்துவிடும். எச்சிலில் லேசான சிவப்பு முதல் நாள் இருக்கலாம். ரத்தம் சொட்டினாலோ முகம் ஒரு பக்கம் வீங்கினாலோ உடனே கூப்பிடுங்கள். வலி மருந்து டாக்டர் எடை பார்த்துத் தருவது மட்டும். வீட்டில் இருக்கும் இபுபுரூஃபன், பாராசிட்டமாலைத் தொடவே தொடாதீர்கள்.

நாய்ப் பயிற்சியாளர்:

கடிக்கக் கொடுத்தால் பல் விழுந்துவிடுமா என்று கேட்கிறார்கள். ஆடுகிற பல்லுக்கு உதவும், வேர் இன்னும் கரையாமல் உறுதியாக நிற்கும் பல்லுக்கு உதவாது. ஈரத் துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கலாம், ரப்பர் பொம்மை நல்லது. எலும்பும் மான்கொம்பும் வேண்டாம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத எதுவும் குட்டியின் பல்லை உடைக்கும். உடைந்த பால்பல்லின் நடுவே சிவப்பு அல்லது கறுப்புப் புள்ளி தெரிந்தால் "விழப்போகிற பல்தானே" என்று விடாதீர்கள். அந்த வழியாகக் கிருமி இறங்கி, அடியில் வளரும் பல்லைக் கெடுக்கும்.

கால்நடை மருத்துவர்:

ரப்பர் பந்தைக் கவ்வவைத்துச் சாய்ந்த பல்லை நேராக்கலாமா என்று தனியாகக் கேட்டவருக்கு: பால்பல்லை எடுத்த பிறகு, கீழ்க் கோரைப்பல் கொஞ்சம் மட்டும் உள்ளே சாய்ந்திருந்தால் பலன் தரும். இரண்டு கீழ்க் கோரைப்பற்களின் இடைவெளியைவிடச் சற்றே பெரிய மெத்தென்ற ரப்பர் பந்து, நாளைக்கு மூன்று தடவை, தடவைக்குப் பதினைந்து நிமிடம் வாயில் வைத்திருக்க வேண்டும். விழுங்கும் அளவுப் பந்து கூடவே கூடாது, அளவை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பல் ஏற்கெனவே அண்ணத்தில் குழி போட்டிருந்தால் இதை நம்பி நாள் போக்காதீர்கள்.

இன்னொன்று. எல்லாப் பால்பல்லையும் எடுக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரேயில் அடியில் புதுப்பல்லே இல்லை, பால்பல்லின் வேரும் நன்றாக இருக்கிறது என்றால் அப்படியே விட்டுக் கவனிக்கலாம். ஏழு மாதத்தில் ஒரு தடவை பற்களை எண்ணிப் பாருங்கள். குறைந்தால், பல் பிறவியிலேயே இல்லையா, ஈறுக்குள் சிக்கியிருக்கிறதா என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். பக், ஷிட்சு, பாக்ஸர் போன்ற குட்டைமூக்கு நாய்களில் கோரைப்பல்லுக்கு அடுத்து வரும் கீழ்ச் சின்னப்பல் அப்படி மறைந்திருப்பது உண்டு. அதைச் சுற்றி நீர்க்கட்டி வளர்ந்து, வெளியே ஒன்றும் தெரியாமலே தாடை எலும்பைக் கரைத்துவிடும்.