புதுப்பிப்பு: சர்க்கரையோடு சிசேரியன், நல்லபடியாக முடிந்தது

சிசேரியனுக்கு முந்தைய இரவு இன்சுலினை என்ன செய்வது, பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரை இறங்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். எனக்கு முதல் வகை நீரிழிவு. 38வது வாரத்தில் மகள் பிறந்தாள். இருவரும் நலம்.

முந்தைய இரவு போடும் நீண்ட நேர இன்சுலினை மருத்துவர் குறைத்துவிட்டார். காலையில் முதல் ஆளாக அழைத்துக்கொண்டதால் வெறும் வயிற்றோடு அதிகம் காத்திருக்கவில்லை. மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்து, குளுக்கோஸும் இன்சுலினும் ஏற்றினார்கள். சர்க்கரையை 70க்கும் 126க்கும் (mg/dL) இடையில் வைத்திருப்பதுதான் இலக்கு.

நான் எதிர்பார்க்காதது அப்புறம் நடந்ததைத்தான். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் இன்சுலின் தேவை சடாரென்று விழுந்துவிடுகிறது. கர்ப்பத்தின் கடைசியில் போட்ட அளவில் பாதிகூட எனக்கு வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் இரவு பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே 58க்கு இறங்கி, கை நடுங்கியது. பிள்ளையைப் பிடிக்கப் பக்கத்தில் அம்மா இருந்தார். தயவுசெய்து தலைமாட்டில் ஜூஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கும் முதல் நாள் சர்க்கரை இறங்கியது. வயிற்றுக்குள் என் சர்க்கரைக்கு ஈடாக இன்சுலின் சுரந்து பழகிய உடம்பு, பிறந்ததும் உடனே நிறுத்திவிடாது. சர்க்கரை பார்க்க அவள் குதிகாலில் குத்தும் ஒவ்வொரு முறையும் நானும் சேர்ந்து அழுதேன். 36வது வாரத்திலிருந்து, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கையால் பீய்ச்சி உறையவைத்த சீம்பால் அப்போது கைகொடுத்தது. அதைச் சொல்லித்தந்த தோழிக்கு ஆயிரம் நன்றி.

தையல் மெதுவாக ஆறிவருகிறது.