பழைய ஐ3 கம்ப்யூட்டர்ல எக்ஸெல் 2010-ஐ எடுத்துட்டு 2021 போட்டா வேகம் குறையுமா?

பனியன்_கணக்கு (திருப்பூர்)

வணக்கமுங்க. பனியன் கம்பெனி ஆபீஸ்ல ஆறு கம்ப்யூட்டர், ஆறும் ஒரே செட்டு. ஐ3 3220, ஹெச்61 போர்டு, 4 ஜிபி ரேம் ஒரே குச்சி, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 64 பிட். இதுவரைக்கும் எக்ஸெல் 2010. இப்ப பையிங் ஆபீஸ் (எங்களுக்கு ஆர்டர் குடுக்கற இடம்) அனுப்புற ஃபைல்ல எக்ஸ்லுக்அப், ஃபில்டர் ஃபார்முலா இருக்குதுங்க. 2010-ல திறந்தா பழைய விடை தெரியும், அந்த ஃபார்முலா மறுபடி கணக்குப் போட்டதும் நேம் எரர். அதனால ஒரே ஒரு மெஷின்ல 2021 போட்டிருக்குது.

போட்டதுக்கப்புறம் மூணு சங்கடம். வாரச் சம்பள ஃபைல் 18 எம்பி (கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் எல்லாருக்கும் பீஸ் ரேட், வாரத்துக்கு ஒரு ஷீட்). 2010-ல அரை நிமிசத்துல திறக்கும், 2021-ல ரெண்டு நிமிசம் தாண்டுது. நம்பர் அடிச்சு என்டர் தட்டினா கட்டம் வழுக்கிட்டுத்தான் அடுத்த செல்லுக்குப் போகுது. எதையும் மாத்தாம மூடினாலும் சேவ் பண்ணவானு கேக்குது.

இது எக்ஸெல்லோட குத்தமா, மெஷினோட குத்தமா? மிச்சம் அஞ்சுலயும் போடலாமா, இல்ல 2010-க்கே திரும்பிறதா?

ஈரோடு_சர்வீஸ்

குறையுமுங்க, ஆனா எங்க குறையுதுன்னு பார்க்காம காசு போடாதீங்க. 2010 கேட்ட குறைந்தபட்ச ரேம் 256 எம்பி. 2021 64 பிட் கேக்குறது 4 ஜிபி. உங்ககிட்ட மொத்தமே 4 ஜிபிதான், அதுலயும் ப்ராசஸருக்குள்ள இருக்கற கிராஃபிக்ஸ் ஒரு பங்கு எடுத்துக்கும். மீதியில விண்டோஸ், ஆன்டிவைரஸ், பிரவுசர் எல்லாம் உக்காரணும். ரேம் நிறைஞ்சா விண்டோஸ் ஹார்டு டிஸ்க்ல எழுதி எழுதி எடுக்கும், அங்கதான் மெஷின் முக்குது.

சம்பள ஃபைலைத் திறக்கறப்ப கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அடிச்சு டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைப் பாருங்க. டிஸ்க் 100 சதவீதத்துல நின்னு சிபியு குறைவா இருந்தா டிஸ்க்தான் தடை. மெமரி 90-க்கு மேல இருந்தா ரேம். சிபியு 25-லயே ஒட்டிட்டு நின்னா அது வேற கதை. 3220-ல ரெண்டு கோர், நாலு த்ரெட் (ஒரே நேரத்துல ஓடற வேலை வரிசை). 25-ன்னா ஒரு த்ரெட் முழுசா ஓடுது, மத்த மூணும் சும்மா நிக்குதுன்னு அர்த்தம். அது ஃபார்முலா சுமை, எஸ்எஸ்டி (முள்ளு இல்லாத வேகமான டிஸ்க்) மாட்டினாலும் தீராது.

ஒண்ணு மட்டும்: புதுசா ஆபீஸ் போட்ட அன்னிக்கே அளக்காதீங்க. பின்னாடி அப்டேட் இறங்கிட்டு இருக்கும், டிஃபெண்டர் புது ஃபைலெல்லாம் தடவிட்டு இருக்கும். ஒரு நாள் ஓட விட்டு அப்புறம் பாருங்க.

மேக்ரோ_கரூர்

என்னைக் கேட்டா 2010-க்கே போயிருங்க. பழைய மெஷினுக்கு அதுதான் இலகு. பையிங் ஆபீஸ் ஃபைலுக்கு மட்டும் ஒரு மெஷின்ல 2021 வெச்சுக்கிட்டா போதும்.

போடறதுன்னா 64 பிட் போடாதீங்க. 2019-ல இருந்து தானா 64 பிட்தான் இறங்குது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இன்ஸ்டால் பட்டனுக்குப் பக்கத்துல "அதர் ஆப்ஷன்ஸ்" இருக்கும், அதுல 32 பிட் எடுங்க. இருக்கற 64 பிட்டை முதல்ல அன்இன்ஸ்டால் பண்ணோணும், ரெண்டும் ஒண்ணா நிக்காது. 4 ஜிபி மெஷின்ல 32 பிட் ரேம் கொஞ்சம் கம்மியாத் தின்னும். பழைய மேக்ரோல "டிக்ளேர்"னு ஆரம்பிக்கிற வரி இருந்தா 64 பிட்ல "பிடிஆர்சேஃப்" சேர்க்காம ஓடாது, 32-ல அப்படியே ஓடும்.

தாள்_கோவை

கரூர்காரர் 32 பிட்டுன்னு சொன்னது சரி. 2010-க்குத் திரும்புங்கறதுல எனக்கு ஒப்புதல் இல்லீங்க. அதுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 அக்டோபர்லயே நின்னுபோச்சு. மெயில்ல வெளி ஆளுங்க அனுப்புற எக்ஸெல் ஃபைலைத் தினமும் திறக்கற ஆபீஸ்ல அதை வெச்சிருக்கறது பூட்டு இல்லாத பீரோ மாதிரி. இன்னொண்ணு, ஒரே சம்பள ஃபைலைக் கொஞ்ச மெஷின்ல 2010-லயும் ஒண்ணுல 2021-லயும் மாத்தி மாத்தித் திறந்தா, பழைய எக்ஸெல் சேவ் பண்ணினதைப் புது எக்ஸெல் திறக்கறப்பெல்லாம் முழு ஃபைலையும் முதல்ல இருந்து கணக்குப் போடும். உங்க ரெண்டு நிமிசத்துல ஒரு பங்கும், மூடும்போது வர்ற "சேவ் பண்ணவா"வும் அங்க இருந்துதான். 2021-ல ஒருக்கா சேவ் பண்ணி அங்கேயே வெச்சிருந்தா அந்தக் கேள்வி நிக்கோணும். நிக்கலைன்னா ஃபைல்ல டுடே, நவ், ஆஃப்செட், இன்டைரக்ட் இதுல ஏதோ ஒண்ணு இருக்குது, இதெல்லாம் ஃபைலைத் திறந்ததுமே தானா மறுபடி ஓடற ஃபார்முலா.

கட்டம் வழுக்கறது 2013-ல வந்த அனிமேஷன். விண்டோஸ் செட்டிங்ஸ், ஈஸ் ஆஃப் ஆக்சஸ், டிஸ்ப்ளே, அங்க "ஷோ அனிமேஷன்ஸ் இன் விண்டோஸ்" அணைச்சா நின்னுரும். அப்பவும் ஸ்குரோல் இழுத்தா, எக்ஸெல்ல ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் டிஸ்ப்ளே பகுதியில ஹார்டுவேர் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை நிறுத்தற டிக் இருந்தா போடுங்க. மூணாம் தலைமுறை இன்டெல்லோட பழைய டிரைவருக்கு அது பல நேரம் உதவும்.

இனி ஃபைல். வாரத்துக்கு ஒரு ஷீட்டுன்னு சொன்னதுமே தெரிஞ்சுபோச்சு, மொத்தம் எடுக்க ஷீட் பேரை வெச்சு இன்டைரக்ட் போட்டிருப்பாங்க. அது எந்த செல்லைத் தொட்டாலும் மறுபடி ஓடும், அதுவும் ஒரே த்ரெட்டுல. நாலு த்ரெட் இருந்தும் பிரயோஜனம் இல்லாமப் போறது அதனாலதான். 2010-லயும் இது இருந்திருக்கும்.

மாத்தற வழி: எல்லா வாரத்தையும் ஒரே ஷீட்டுல கீழ கீழ அடுக்குங்க. தேதி, டோக்கன் நம்பர், ஸ்டைல், வேலை, பீஸ், ரேட், தொகை. 150 பேர், வாரம் 6 நாள், 52 வாரம்னு வெச்சாலும் 46,800 வரிசைதான். எக்ஸெல் தாங்கறது 10,48,576. கன்ட்ரோல் + டி (T) அடிச்சு டேபிள் ஆக்கிட்டா, டோக்கன் ஒரு நிபந்தனை, தேதி ஆரம்பம், தேதி முடிவுன்னு சம்இஃப்ஸ் ஒரே வரியில மொத்தம் குடுத்துரும்.

அதுக்கு நேரம் இல்லைன்னா, முதல்ல ஒவ்வொரு ஷீட்டுலயும் கன்ட்ரோல் + எண்ட் அடிங்க. 200 வரிசை இருக்கற ஷீட்டுல கர்சர் பத்து லட்சத்துக்கு ஓடுதுன்னா, யாரோ நெடுவரிசை முழுக்கக் கலரோ கோடோ போட்டிருக்காங்க. கீழ இருக்கற வெத்து வரிசைகளை இடது ஓரத்து வரிசை எண்ணைப் பிடிச்சு முழுசாத் தேர்ந்தெடுத்து வலது கிளிக், டிலீட். டிலீட் கீயை அழுத்தினா எழுத்துதான் போகும், ஃபார்மேட் போகாது. சேவ் பண்ணி மூடித் திறந்தாத்தான் கணக்கு சரியாகும்.

அப்புறம் ஹோம், கண்டிஷனல் ஃபார்மேட்டிங், மேனேஜ் ரூல்ஸ், "திஸ் வொர்க்‌ஷீட்". வாராவாரம் பழைய ஷீட்டைக் காப்பி பேஸ்ட் பண்ணிப்போட்டா ஒரே விதி நூறு துண்டா உடைஞ்சு கிடக்கும். எல்லாத்தையும் அழிச்சு ஒண்ணே ஒண்ணு புதுசாப் போடுங்க.

சம்பிராடக்ட்ல (பெருக்கிக் கூட்டற ஃபார்முலா) நெடுவரிசை முழுக்கக் குடுத்திருந்தா வெத்து செல்லையும் சேர்த்துப் பத்து லட்சம் வரிசையும் பெருக்கும். சம்இஃப் அப்படி இல்லை, எழுத்து இருக்கற வரைக்கும்தான் பார்க்கும். அதனால சம்பிராடக்ட்டுக்கு மட்டும் எல்லை கட்டினாப் போதும். விலுக்அப்பைப் பத்திக் கவலை வேண்டாம். ஒரே டேபிள்ல இருந்து பல நெடுவரிசை எடுக்கறப்ப 2010-ஐ விட 2021 வேகம், உள்ளுக்குள்ள ஒரு அட்டவணை வெச்சுக்குது.

ஃபார்முலாஸ்ல கால்குலேஷனை மேனுவலாக்கச் சொல்லி யாராவது சொல்வாங்க. சம்பள ஆபீஸ்ல அது ஆபத்துங்க. முதல்ல திறக்கற ஃபைல் மேனுவலா இருந்தா அதுக்கப்புறம் திறக்கற எல்லாமே மேனுவல் ஆயிரும். எஃப்9 அடிக்காம சனிக்கிழமை பிரிண்ட் எடுத்தா பழைய தொகையில கவர் போட்டுக் குடுத்துருவீங்க.

மேக்ரோ_கரூர்

மாத்தி மாத்தித் திறந்தா முழுக்கணக்குப் போடும்கறதை விட்டுட்டேன், சரிங்க. அப்ப ஆறும் ஒரே வெர்ஷனா இருக்கட்டும். கூட ரெண்டு: ஃபைலை எக்ஸ்எல்எஸ்பி-யா "சேவ் ஆஸ்" பண்ணிப் பாருங்க. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் உள்ளுக்குள்ள ஜிப் பண்ணின எக்ஸ்எம்எல். திறக்கறப்பெல்லாம் விரிச்சு ஒவ்வொரு செல்லாப் படிக்கோணும். எக்ஸ்எல்எஸ்பி பைனரி, மேக்ரோவும் அதுலயே தங்கும். வெளியே அனுப்பறதுக்கு மட்டும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வெச்சுக்குங்க.

டீஃபால்ட் பிரிண்டர் எது? பில் போடற டாட் மேட்ரிக்ஸ் வேற மெஷின்ல ஷேர் ஆகி, அந்த மெஷின் அணைஞ்சு இருந்தா, பேஜ் பிரேக் தெரியற ஷீட்டைத் திறக்கறப்ப எக்ஸெல் அந்த பிரிண்டர்கிட்டப் பேசக் காத்துக்கிடக்கும். டீஃபால்ட்டை "பிரிண்ட் டு பிடிஎஃப்"க்கு மாத்தி ஒருக்கா திறந்து பாருங்க, வித்தியாசம் இருந்தா அதுதான்.

பனியன்_கணக்கு (திருப்பூர்)

பார்த்தாச்சுங்க. திறக்கறப்ப டிஸ்க் 100, மெமரி 93, சிபியு 30-க்குக் கீழ. திறந்தபிறகு நம்பர் அடிக்கறப்ப டிஸ்க் அமைதி, சிபியு 25-லயே நிக்குது. இன்டைரக்ட் இருக்குது, ஒவ்வொரு ஆளுக்கும் 52. மூணு ஷீட்டுல கர்சர் கடைசி வரைக்கும் ஓடுச்சு. பிரிண்டர் மாத்தினதுல வித்தியாசம் இல்லை. இப்ப ரேம் முதல்லயா, எஸ்எஸ்டி முதல்லயா? ஹார்டு டிஸ்க்கை அப்படியே காப்பி பண்ணினா விண்டோஸ் எந்திரிக்குமா?

ஈரோடு_சர்வீஸ்

ரெண்டு வியாதியும் இருக்குது. அடிக்கறப்ப வர்ற இழுவைக்கு கோவைக்காரர் சொன்ன ஃபைல் வேலைதான் மருந்து. திறக்கறதுக்கு ரெண்டும் வேணும், ஒண்ணுதான் முடியும்னா எஸ்எஸ்டி முதல்ல.

2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி. எம்.2 வாங்கிராதீங்க, ஹெச்61 போர்டுல அதுக்குச் சொருகற இடமே இல்லை. இந்த போர்டுல சாட்டா 3 ஜிபிட் வேகம்தான், அட்டையில போட்டிருக்கற வேகம் முழுசா வராது. பரவாயில்லை, ஹார்டு டிஸ்க்ல முள்ளு அங்கயும் இங்கயும் ஓடற நேரம்தான் மிச்சமாகுது.

காப்பி பண்றதுக்கு முன்னாடி பயாஸ்ல சாட்டா மோடு பாருங்க. பழைய முறையான ஐடிஇ-ல இருந்தா நேரா புது முறையான ஏஹெச்சிஐ-க்கு மாத்தக் கூடாது, நீலத் திரை வந்துரும். எம்எஸ்கான்ஃபிக்ல பூட் பக்கத்துல சேஃப் பூட் டிக் போட்டு ரீஸ்டார்ட், பயாஸ்ல ஏஹெச்சிஐ, சேஃப் மோடுல விண்டோஸ் எந்திரிச்சதும் டிக்கை எடுத்து மறுபடி ரீஸ்டார்ட். அப்புறம் குளோன் (டிஸ்க்கை அப்படியே காப்பி). 500-ல இருந்து 240-க்குப் போறதால, நிறைஞ்ச இடம் 200 ஜிபிக்குள்ள இருக்கற மாதிரி முதல்ல வேண்டாததை வேற டிஸ்க்குக்குத் தள்ளி, டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பார்ட்டிஷனைச் சுருக்குங்க. குளோன் முடிஞ்சதும் பழைய டிஸ்க்கோட கேபிளைக் கழட்டிட்டு முதல் தடவை பூட் பண்ணுங்க. ரெண்டும் மாட்டி இருந்தா எதுல இருந்து எந்திரிச்சுதுன்னே தெரியாது.

ரேம் டிடிஆர்3 1600, 4 ஜிபி இன்னொரு குச்சி. போர்டுல ரெண்டு ஸ்லாட்தான் இருக்கும். பழைய மார்க்கெட்டுல விலை ரொம்பக் கம்மியா ஒரு குச்சி குடுப்பாங்க, அது ஏஎம்டி போர்டுல மட்டும் ஓடறது, உங்களுதுல டிஸ்ப்ளேயே வராது. கடையிலயே மாட்டிப் பார்த்து வாங்குங்க.

இந்த மெஷின் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாப் போகாது, எட்டாம் தலைமுறை இன்டெல்ல இருந்துதான் எடுத்துக்கும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல சப்போர்ட் முடிஞ்சுது, ஆபீஸ் 2021-க்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். அதனால அஞ்சு லைசென்ஸ் புதுசா வாங்கறதா இருந்தா 2024-ஆ எடுங்க, அதுவும் ரீடெயில் லைசென்ஸா. மெஷினை மாத்தறப்ப அதைக் கழட்டிப் புதுசுல போட்டுக்கலாம், மெஷினோட வந்த லைசென்ஸ்னா அந்த மெஷினோட போயிரும்.

தாள்_கோவை

ஆட்டோரெகவர் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா பெரிய ஃபைலை எழுதறப்ப எக்ஸெல் ஒரு நொடி உறையும், அதை யாராவது அணைக்கச் சொன்னா கேக்காதீங்க. கரண்ட் போறதும் வர்றதுமா இருக்கற இடத்துல அது இருக்கோணும். ஃபைலை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து, புது சம்இஃப்ஸ் மொத்தத்தையும் பழைய இன்டைரக்ட் மொத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கழிச்சுப் பாருங்க. 52 வாரமும் பூஜ்யம் வரோணும். வரலைன்னா பெரும்பாலும் தேதி எழுத்தா உக்காந்திருக்கும். டேட்டா, டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் தேதிக்கு டிஎம்ஒய் (நாள், மாசம், வருசம்) குடுத்தா சரியாயிரும்.