யுசி சர்வைலன்ஸ் கொலனோஸ்கோபி: மெத்திலீன் புளூவில் எவ்வளவு தண்ணீர் கலக்கணும்?

ஸ்கோப்ரூம்:
அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (யுசி, பெருங்குடல் அழற்சிப் புண் நோய்) வந்து எட்டு வருஷம் தாண்டினவங்களுக்கு டிஸ்பிளேசியா (புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம்) தேடத்தான் சாயம். 1% ஆம்பூலை அப்படியே ஸ்கோப் சானல் வழியா விட்டா குடல் மை கொட்டின மாதிரி ஆகி வெளிச்சமே பத்தலை. எவ்வளவு நீர்க்கணும்? ரேண்டம் பயாப்ஸியை (சந்தேகமில்லாத இடத்துலயும் எடுக்கிற திசுத்துணுக்கை) விட்டுடலாமா?

நீலச்சாயம்:
குடல் முழுக்க அடிக்க 0.04% போதும்: 1% ஆம்பூல் 10 மி.லி., தண்ணீர் 240. லேபிளைப் பாருங்க, 0.5% சரக்கும் இருக்கு. அதுன்னா 20-க்கு 230. ஃபுட் பம்ப் (காலால அழுத்தித் தண்ணீர் அடிக்கிற பம்ப்) பாட்டிலிலேயே ஊத்திடலாம்.

உள்ளே போகும்போது அடிக்காதீங்க. சீக்கம் (பெருங்குடலின் தொடக்கம்) வரை கழுவி உறிஞ்சிட்டு, திரும்பும்போதுதான் சாயம். 20–30 செ.மீ. துண்டா, ஸ்கோப்பைச் சுழற்றி இழுத்துக்கிட்டே மேல்பக்கச் சுவர்ல அடிங்க, வழிஞ்சு கீழே தானா பரவும். திரும்ப அந்தத் துண்டோட ஆரம்பத்துக்குப் போய், ஒரு நிமிஷம் விட்டு, தேங்கினதை உறிஞ்சிட்டுப் பாருங்க. செல்கள் சாயத்தை உள்ளே இழுக்கத்தான் அந்த ஒரு நிமிஷம். டிஸ்பிளேசியா இருக்கிற இடம் சரியா இழுக்காது. சுத்தி நீலம், நடுவுல வெளிறல். சந்தேகப்பட்ட இடத்துக்கு மட்டும் 0.2%: 1% ஆம்பூல் 10 மி.லி.க்கு 40 தண்ணீர், சிரிஞ்சில் பயாப்ஸி சானல் வழியா.

பிட்பேட்டர்ன்:
இண்டிகோ கார்மைன் கிடைச்சா காத்திருக்கவே வேண்டாம். அதைச் செல் உறிஞ்சாது, பள்ளங்கள்ல தேங்கி மேடு பள்ளத்தைக் காட்டும். 0.8% ஆம்பூல் 5 மி.லி. ரெண்டு, 250 மி.லி. தண்ணீர்ல, 0.03% வரும்.

எந்தச் சாயமானாலும் சளி, மலத்துணுக்கு மேல ஒட்டினா புண்ணு மாதிரியே தெரியும். சிமெதிகோன் (நுரை அடக்கும் மருந்து) கலந்த தண்ணீர்ல முதல்லயே கழுவணும். நோய் தீவிரமா இருக்கும்போது செய்றதும் வீண்: அழற்சி உள்ள சவ்வும் திட்டுத்திட்டாத்தான் நிறம் பிடிக்கும், எது டிஸ்பிளேசியான்னு பிரிக்க முடியாது. ரெமிஷன்ல (நோய் அடங்கியிருக்கும்போது) கூப்பிடுங்க.

வார்டுபக்கம்:
10 செ.மீ.க்கு நாலுன்னு எடுக்கிற ரேண்டம் பயாப்ஸியை, சாயம் ஒழுங்காப் பரவி எல்லாம் தெளிவாத் தெரிஞ்சா பொதுவா விட்டுடலாம். ஆனா பிஎஸ்சி (பித்தநாளம் தழும்பேறிச் சுருங்கும் நோய்) இருந்தா, முன்னாடி டிஸ்பிளேசியா வந்திருந்தா, குடல் தழும்பேறிக் குழாய் மாதிரி சுருங்கியிருந்தா விடாதீங்க.

மெத்திலீன் புளூன்னா ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு, எஸ்எஸ்ஆர்ஐ (மனச்சோர்வுக்குக் கொடுக்கிற) மாத்திரை ரெண்டையும் முன்கூட்டியே கேளுங்க. சிறுநீர் பச்சை-நீலமாப் போகும்னு சொல்லி அனுப்பலைன்னா ராத்திரி போன் வரும்.

ஸ்கோப்ரூம்:
நன்றி டாக்டர்ஸ். பிரெப் (குடல் சுத்தம் செய்றது) சுமாரா இருந்தா?

நீலச்சாயம்:
கழுவியும் சுத்தமாகலைன்னா ஆம்பூலை உடைக்காதீங்க. திரும்ப பிரெப் கொடுத்து வேற நாள் வையுங்க.